மதலேன் சொன்ன இரண்டு டம்ளர்

மதலேன் இறந்த செய்தியை என்னிடம் கொண்டுவந்தவள் பால்காரி அஞ்சலை. காலை ஆறரை மணி இருக்கும். பாலை அளந்து ஊற்றிவிட்டுப் போகாமல் நின்றாள்.

"யம்மா, சொல்தா வூட்டு மதாம் பூட்டாங்களாம். மாதா கோயில் மணி அடிச்சாங்களே, கேக்கலியா?"

மணி கேட்டது. யாருக்கோ என்று நினைத்திருந்தேன். "அளவு கொறையுது அஞ்சலை, இன்னும் அரை டம்ளர் ஊத்து" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். ஊற்றிவிட்டுப் போனாள். அந்தப் பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது. நான் குடித்தனம் நடத்த வந்த நாள் முதல் என் அடுப்பில் பால் வழிந்தது அன்று ஒருநாள்தான்.

பழைய மாணவியர் மலருக்கு மதலேனைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று கேட்டு வந்தவர்கள், "உங்களைவிட நெருக்கமானவர் யார் இருக்கிறார்கள்? நல்லதாக நாலு வார்த்தை எழுதுங்கள்" என்றார்கள். நெருக்கம் உண்மை. ஆனால் கடைசி நான்கு வருடம் நானும் அவளும் பேசிக்கொள்ளவில்லை. வில்லியனூரில் பலருக்கு இது தெரியும். காரணம் யாருக்கும் தெரியாது. அவள் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. நல்லதை மட்டும் எழுத எனக்கு வராது. நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன். வெளியிடுவது அவர்கள் இஷ்டம்.

வில்லியனூரிலிருந்து காலை ரயிலில் புதுச்சேரி கன்னியர் பள்ளிக்குப் போன பெண்கள் எங்கள் வகுப்பில் இரண்டே பேர். அவள் மாதா கோயில் தெரு, நான் கடைத்தெரு. மதியம் அவள் பள்ளிச் சாப்பாட்டு அறையில் உட்கார்ந்து பொத்தாழ் குடிப்பாள். உருளைக்கிழங்கை வேகவைத்து மசித்து, பாலேடு சேர்த்துச் செய்யும் சூப்புக்குக் கன்னியர்கள் சொன்ன பெயர் அது. நான் வெளி வராந்தாவில் என் தயிர்சாதத்தோடு உட்கார்ந்திருப்பேன். எங்கள் வீடு முட்டை ஓடுகூட வாசல் தாண்டாத சைவ வீடு. அந்த வாசனை வராந்தா வரை வரும். ஒருநாள் கேட்டேன், "அதுல இன்னா போடறாங்க?" மதலேன் வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "உருளக்கெழங்கும் கொஞ்சம் பாவமும்."

அவள் எப்படிப்பட்டவள் என்பதை அந்த வயதிலேயே நான் தெரிந்துகொண்டிருக்க வேண்டும். பரிசளிப்பு விழாவுக்கு நான் ஒரு மேசை விரிப்பில் பூவேலை செய்துகொண்டிருந்தேன். பாதியில் காய்ச்சல் வந்து பத்து நாள் படுத்துவிட்டேன். எழுந்து போனபோது விரிப்பு முழுதாக முடிந்திருந்தது, என் பெயர்ச்சீட்டோடு. முதல் பரிசும் எனக்கு வந்தது. காய்ச்சலுக்கு முன்பே முடித்திருக்கிறேன் போல என்று என்னையே நம்பவைத்துவிட்டாள். மூன்று மாதம் கழித்து வாய்தவறிச் சொன்னாள். நான் பரிசைக் கொண்டுபோய்த் தலைமைக் கன்னியரின் மேசையில் வைத்துவிட்டு உண்மையைச் சொன்னேன். மதலேன் ஒரு வாரம் முட்டி போட்டாள். எழுந்து வந்ததும் என்னிடம் சொன்னது: "நெசம்னா உப்பு மாரி சுந்தரி. நீ கையள்ளிப் போடற."

அப்புறம் அவளுக்குப் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவரோடு கல்யாணமாகி, கடல் கடந்து போனாள். எனக்கு அதே கடைத்தெருவில், நெல்லும் பருப்பும் மொத்த வியாபாரம் செய்த குடும்பத்தில் கல்யாணமானது. அறுபதுகளின் கடைசியில் அவள் கணவர் பென்ஷனோடு திரும்பி வந்து, மாதா கோயில் பக்கத்தில் பச்சை ஜன்னல் வைத்து வீடு கட்டினார். அதைத்தான் சொல்தா வீடு, அதாவது பட்டாளத்துக்காரர் வீடு, என்பார்கள். அன்றிலிருந்து வாரத்தில் நான்கு நாள் மதலேன் என் வீட்டில் இருந்தாள். என் வீட்டில் காப்பி மட்டும் குடிக்கமாட்டாள். "உன் காப்பி கழனித் தண்ணி" என்று சொல்லி, ஒரு சிவப்பு பிளாஸ்கில் தன் காப்பியைக் கொண்டுவருவாள்.

எழுபதுகளின் பிற்பாதியில் என் கணவருக்கு வயிற்றில் அறுவை நடந்தது. பிறகு சோறு இறங்கவில்லை. இட்லி இறங்கவில்லை. ஆறு மாதத்தில் அவருடைய சட்டைகளை எல்லாம் இரண்டு முறை பிடித்துத் தைத்தேன். புதுச்சேரி டாக்டர் அவரைப் பார்த்து, "உடம்பில் சத்து ஒன்றுமில்லை. முட்டை, கோழிச்சாறு, எலும்புச் சாறு ஏதாவது எடுத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டார். "எங்க வீட்டில் அந்தப் பேச்சே கிடையாது" என்று சொல்லிவிட்டு எழுந்தேன். மதலேன் துணைக்கு வந்திருந்தாள். ரயிலில் திரும்பும்போது வாய் திறக்கவில்லை. அவள் வாய் மூடியிருப்பது நல்லதற்கல்ல என்பதும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டு மாதம் கழித்து, பிரான்சிலிருந்து லீவில் வந்த அவள் மகன் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து என் சமையலறையில் வைத்தான். உள்ளே மின்சாரத்தில் வேலை செய்யும் ஒரு பீங்கான் பானை. கண்ணாடி மூடி. அடியில் மெல்லிய சூடு மட்டும் ஏறும். ஆறு ஏழு மணி நேரம் எடுத்துக்கொள்ளும். எதுவும் அடிப்பிடிக்காது, பொங்காது. இப்போது பிள்ளைகள் ஸ்லோ குக்கர் என்கிறார்கள். மதலேன் வைத்த பெயர் சோம்பேறிப் பானை.

"புதுசு சுந்தரி. மாமிசம் பட்டதில்ல. வேணும்னா மஞ்சத் தண்ணி தெளிச்சிக்க."

தெளித்தேன். புளியும் போட்டுத் தேய்த்தேன். பிறகு அவள் எனக்குப் பொத்தாழ் சொல்லிக்கொடுத்தாள். உடையக்கூடிய ஊட்டிக் கிழங்கு ஐந்து, தோல் சீவிச் சதுரமாக நறுக்கியது. பெரிய வெங்காயம் ஒன்று. வெண்ணெய் ஓர் எலுமிச்சை அளவு. மிளகு. சாதிக்காயைத் தேய்த்துக் கொஞ்சம். இரண்டு டம்ளர் தண்ணீர். சாயங்காலம் மத்தால் கடைந்து, சல்லடையில் தேய்த்து, ஒரு கிண்ணம் பாலேடு கலக்க வேண்டும்.

"ரெண்டு டம்ளர் போதுமா?" என்று கேட்டேன்.

"கெழங்கு தண்ணி வுடும், வெங்காயம் தண்ணி வுடும், மூடியிலேருந்து வேற சொட்டும். ரெண்டுக்கு மேல ஊத்துன, வெறும் கழுநீர்தான். சாதிக்கா மட்டும் தூக்கலா போடு."

அவர் படுத்துவிட்டதால் கடையை நான் பார்க்க வேண்டியிருந்தது. காலை ஒன்பதுக்கு எல்லாவற்றையும் அளந்து பானையில் போட்டு, சுவிட்சைப் போட்டுவிட்டுக் கடைக்குப் போவேன். நாலு மணிக்குத் திரும்புவேன். இடையில் மின்சாரம் போனால் பானையைப் பார்க்க ஒருவர் வேண்டும், என் கணவருக்கும் துணை வேண்டும். மதலேன் தினமும் பத்து மணிக்குப் பிளாஸ்கோடு வந்து உட்காருவாள். வீட்டுச் சாவி ஒன்று அவளிடமே இருந்தது.

முதல்நாள் அவர் முக்கால் கிண்ணம் குடித்தார். இரண்டாம் நாள் ஒரு கிண்ணம். பத்தாம் நாள் கிண்ணத்தைச் சாய்த்து வழித்தார். மூன்று மாதத்தில் சட்டைகளில் பிடித்த தையலைப் பிரித்தேன். தடியை ஊன்றிக்கொண்டு கடைக்கு வந்து கல்லாவில் உட்கார்ந்தார். கடைத்தெருவே எழுந்து பார்த்தது. டாக்டர், "என்ன கொடுக்கிறீர்கள்?" என்று கேட்டார். "உருளைக்கிழங்கு" என்றேன். அந்த ஒரு வார்த்தையைச் சொன்னபோது எனக்கிருந்த பெருமையை இப்போது எழுதவே கூசுகிறது.

பெருமையை நான் வீட்டோடு வைத்துக்கொள்ளவில்லை. மாதர் சங்கத்தில் அந்தச் செய்முறையைக் கரும்பலகையில் எழுதிச் சொல்லிக்கொடுத்தேன். இந்தப் பானை இல்லாதவர்கள் மூடிபோட்டு உமி அடுப்பில் வைக்கலாம் என்றேன். இதைப் படிக்கிற உங்களில் பலர் அன்று எழுதிக்கொண்டு போனவர்கள். பாகூரிலிருந்து வந்த தனலட்சுமி மறுவாரமே சொன்னாள்: "அக்கா, நீங்க சொன்ன மாரியேதான் செஞ்சேன். செவுத்துக்குப் பூசலாம் போல வந்துச்சி. எங்க வூட்டுக்காரரு, எதுக்கு ஸ்பூனு, கரண்டி குடுன்றாரு, கொத்தனாரு கரண்டி." எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. "பொறுமை இல்லாதவங்களுக்கு இது வராது" என்றேன். இன்னும் இரண்டு பேர் அதையே சொன்னார்கள். அவர்களிடமும் அதையே சொன்னேன். மதலேன் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ரவிக்கைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அமாவாசை, கிருத்திகை, பிரதோஷம் மூன்று நாளும் அவர் சூப் குடிக்கமாட்டார். வெங்காயம் இருப்பதால் என்று எண்ணி, அந்த நாட்களில் வெங்காயம் இல்லாமல் தனியாகச் செய்தேன். அப்போதும், "இன்னிக்கு வாணாம்மா. கஞ்சி போதும்" என்றுவிடுவார். அவ்வளவு பலவீனத்திலும் விரதத்தை விடாதவர் என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லியிருக்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு மேல் அப்படி இருந்தார். கடைசியில் பழைய நோவு திரும்பி வந்தது. ஒரு வாரம்தான். அதில் யார்மீதும் குறையில்லை. அவர் போன பிறகு மதலேனும் மகனைப் பார்க்கப் பிரான்சுக்குப் போய்விட்டாள்.

முதல் வருடத் திதிக்கு அவருக்குப் பிடித்ததை இலையில் வைக்க வேண்டும் அல்லவா? வெங்காயத்தைத் தவிர்த்து, அதே கிழங்கு, அதே வெண்ணெய், அதே பானை, அதே இரண்டு டம்ளர். நாலு மணிக்கு மூடியைத் திறந்தேன். கரண்டி நட்டுக்கொண்டு நின்றது. ருசி சுண்ணாம்புபோல் இருந்தது. பானை பழுது என்று ரேடியோ ரிப்பேர்க் கடையில் கொடுத்தேன். அவன் ஒரு நாள் வைத்துப் பார்த்துவிட்டு, "சூடு கரெக்டா ஏறுதும்மா. பான நல்லாத்தான் கீது" என்று திருப்பிக் கொடுத்தான். எனக்கு அவன்மீது கோபம் வந்தது.

மதலேன் ஊர் திரும்பிய மறுநாள் பிற்பகல் பானையையும் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். அங்கே நடந்த பேச்சை என்னால் ஒரு வார்த்தை விடாமல் எழுத முடியும்.

"ஒன் பான கெட்டுப்போச்சு மதலேன். ரெண்டு டம்ளர்தான் வெச்சேன். களியா நிக்குது. ருசியே இல்ல."

அவள் முதலில் சிரித்தாள். "பான கெடல சுந்தரி. நான் ஊர்ல இல்ல. அவ்ளோதான்."

எனக்கு விளங்கவில்லை. அவள் எழுந்துபோய் அலமாரியிலிருந்து அந்தச் சிவப்பு பிளாஸ்கை எடுத்து மேசையில் வைத்தாள்.

"மீதி ரெண்டு டம்ளர் இதுலேருந்துதான் வந்துச்சி."

"இன்னா வந்துச்சி?"

"ஆட்டுக்கால் சாறு. ராத்திரி பூரா உமி அடுப்புல கெடக்கும். காலைல மேல மெதக்குற கொழுப்ப எடுத்துட்டு, துணியில வடிகட்டிக் கொண்டாருவேன். வாசன தெரியக் கூடாதுன்னுதான் சாதிக்கா தூக்கலா போடச் சொன்னேன்."

"ரெண்டு வருஷமா?"

"ரெண்டு வருஷமும் நாலு மாசமும். டாக்டரு சொன்னத நீ கேக்கல. நான் கேட்டேன்."

"ஒன்ன நம்பி வூட்டுச் சாவியக் குடுத்தேன்."

"அவரப் பாத்துக்கத்தான குடுத்த? பாத்துக்கிட்டேன்."

"நானும் குடிச்சேன் மதலேன். தெனம் உப்பு பாத்தேன்."

"தெரியும். அடியில ஒட்டுனத வழிச்சி நக்குனதையும் பாத்தேன்."

அப்போதும் அவள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். நான் கேட்டேன்: "அவருக்குத் தெரியுமா?"

சிரிப்பு நின்றது. பிளாஸ்கின் மூடியைத் திருகிக்கொண்டே சொன்னாள்: "அத நீ அவரக் கேட்டிருக்கணும். ஒரு தடவையாவது."

அதுதான் எங்களுக்குள் கடைசிப் பேச்சு. நாற்பது வருட நட்பில் அவள் எனக்குச் சொல்லிக்கொடுத்த ஒரே செய்முறை பொய். என் கையால் ஊட்டி அவரைத் தேற்றினேன் என்று நான் நினைத்தது பொய். ஊர்ப் பெண்களிடம் நான் காட்டிய இறுமாப்புக்கு அடியில் இருந்தது ஆட்டுக்கால். பெரிய பாவங்களை என்னால் மன்னிக்க முடிந்திருக்கும் என்று நினைக்கிறேன். நான் கரும்பலகையில் அந்த இரண்டு டம்ளரை எழுதியபோது அவள் பின்னால் உட்கார்ந்து பொத்தான் தைத்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை.

மேசைமேல் வைத்த பானையை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். கழுவித் துடைத்த காலிப் பானை. எங்கள் பக்கத்தில் யார் வீட்டுப் பாத்திரத்தையும் வெறுமையாகத் திருப்புவதில்லை. ஒரு பிடி அரிசியாவது, ஒரு துண்டு வெல்லமாவது போட்டுத்தான் கொடுப்போம். தெரிந்தேதான் வெறுமையாக விட்டுவந்தேன். அவளுக்கும் புரிந்தது. மறுநாள் பானை என் வாசலுக்கு வந்தது. உள்ளே ஐந்து உருளைக்கிழங்கு. கடிதம் இல்லை. கிழங்கை மாட்டுக்குப் போட்டேன். பானையை மேல்தட்டில் ஏற்றினேன். நான்கு வருடம் இறக்கவில்லை. ரயிலடியிலும் சந்தையிலும் எதிரெதிரே வந்தால், நான் கடைகளின் பெயர்ப்பலகைகளைப் படித்துக்கொண்டு போவேன். அவள் நின்று பார்ப்பாள். ஒருமுறை என் காதுபட அஞ்சலையிடம் சொன்னாள்: "ஒங்க அம்மா நெறைய படிக்கிறாங்க அஞ்சலை. கண்ணு கெட்டுடப் போவுது."

அடக்கத்துக்குப் போனேன். கோயிலுக்குள் கடைசி வரிசையில் நின்றேன். முகத்தைத் திறந்து வைத்திருந்தார்கள். எதையோ சொல்லாமல் வைத்துக்கொண்டிருக்கும் அதே வாய். அவளிடம் நான் கேட்க வேண்டியது ஒன்றுதான் இருந்தது, அவருக்குத் தெரியுமா என்பது. நான்கு வருடமாக அந்தக் கேள்விக்குப் பதில் பத்து நிமிட நடையில் இருந்தது. என் ரோஷம் போய்க் கேட்கவிடவில்லை. மண் போட்டுவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து, டாக்டர் எழுதச் சொன்னதால் அப்போது நான் எழுதிவந்த நோட்டை எடுத்தேன். ஒவ்வொரு நாளும் அவர் என்ன சாப்பிட்டார், எவ்வளவு சாப்பிட்டார் என்று என் கையெழுத்தில் இருக்கிறது. பக்கம் பக்கமாகப் புரட்டினேன். "ஒரு கிண்ணம்." "ஒரு கிண்ணம்." "ஒன்றரை." பிறகு: "அமாவாசை. சூப் வேண்டாம் என்றார். வெங்காயம் போடவில்லை, இருந்தும் வேண்டாம் என்றார். கஞ்சி." கிருத்திகையிலும் அதே வரி. பிரதோஷத்திலும் அதே வரி. இரண்டு வருடமும் நான்கு மாதமும், ஒன்றுகூடத் தவறவில்லை.

வெறும் கிழங்கும் வெண்ணெயும் பாலேடும் என்று நினைத்துக் குடித்த மனிதருக்கு அமாவாசையன்று அதை ஒதுக்க ஒரு காரணமும் இல்லை.

அவருக்குத் தெரியும். முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது. சாமிக்கு மாதத்தில் சில நாட்களை விட்டுக்கொடுத்தார். மீதி நாளெல்லாம் எனக்கு முன்னால் நடித்தார். கிண்ணத்தை நீட்டி, "ஒன் கைப்பக்குவம்மா" என்று சொன்னது அவர்தான். நான் கடையில் இருந்த நேரத்தில் என் சமையலறையில் ஒரு பிளாஸ்க் திறந்தது, அவர் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு இரண்டு பேரும் துரோகம் செய்தார்கள். அதை மாற்றி எழுத எனக்குச் சொல் இல்லை.

ஆனால் எழுத உட்கார்ந்த பிறகு அந்த ஆஸ்பத்திரி அறையும் கூடவே வருகிறது. டாக்டர் அன்று அவரைப் பார்த்துத்தான் கேட்டார். பதில் சொன்னது நான். அவர் வாயைத் திறக்கப் போனாரா இல்லையா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. மதலேன் பார்த்திருக்கிறாள்.

அன்று எழுதிக்கொண்டு போனவர்களுக்கு ஒரு திருத்தம். ஐந்து கிழங்குக்கு நாலு டம்ளர் தண்ணீர். சாதிக்காய் ஒரு சிட்டிகை போதும். தனலட்சுமி, உனக்குப் பொறுமை இருந்தது. நான் சொன்னது தவறு.

மதலேனிடமிருந்து என்னிடம் இருப்பவை இரண்டு. ஒன்று அந்தப் பானை. அதை இறக்கிக் கழுவி வைத்திருக்கிறேன். கடைசியாக நிறைத்து அனுப்பியவள் அவள், திருப்பும் முறை என்னுடையது. அவள் கணவர் அவளுக்கு முன்பே போய்விட்டார், மகன் பிரான்சில்; கொடுக்க அந்த வீட்டில் இனி ஆளில்லை. இன்னொன்று அந்த ருசி. நாலு டம்ளர் ஊற்றி நான் செய்கிற சூப்பில் குற்றமில்லை, ஆனால் அது வேறு. தினமும் நாலு மணிக்கு உப்புப் பார்க்கிறேன் என்று ஒரு கரண்டிக்கு இரண்டு கரண்டியாகக் குடித்தேனே, அந்த ருசி இன்னும் என் நாக்கில் இருக்கிறது. மறந்துவிட்டேன் என்று எழுதினால் இந்தக் கட்டுரை நன்றாக முடியும். அப்படிப் பொய் சொல்ல நான் மதலேன் இல்லை.